சேலைக்கு ஆர்டர் கொடுப்பதற்கு முன்னால்

சபைப் போதகரான ஐயரவர்களுக்கும், சபைக் காரியங்களைப் பார்க்கிற சேகரக் கமிட்டி அண்ணன்மாருக்கும், பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்காமாருக்கும் ஸ்தோத்திரம்.

நவம்பர் பிறந்துவிட்டது. இன்னும் ஒரு வாரத்தில் யாராவது டவுனுக்குப் போய் கிறிஸ்மஸ் விழாவில் விதவைகளுக்குக் கொடுக்கிற சேலையை மொத்தக் கடையில் பார்ப்பார், போன வருஷம் எண்பது எடுத்தோம் இந்த வருஷம் நூறு எடுப்போம் என்று பேச்சு வரும், நூறு எடுத்தால் ஒன்றுக்கு இருபது ரூபாய் குறைப்பான் என்று இன்னொருவர் சொல்வார், ஃப்ளெக்ஸ் அடிக்கிற பையனுக்கு ஐயர் போட்டோவும் நன்கொடையாளர் போட்டோவும் வாட்ஸ்அப்பில் போகும். அதற்கு முன்னால் இதை வாசித்துவிடுங்கள். கமிட்டிக்கு வந்து நேரிலேயே பேசலாம்தான். ஆனால் நானும் ஆறு வருஷம் அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்தவன். அங்கே ஒரு விஷயம் எப்படி 'பார்க்கலாம்' ஆகி, 'அடுத்த வருஷம் பார்க்கலாம்' ஆகி, டீயும் வடையும் வந்ததும் முடிவு ஜெபத்துக்குள் போய்விடும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் எல்லாரும் பார்க்கிற மாதிரி எழுதுகிறேன்.

கேட்பது ஒன்றுதான். இந்தக் கிறிஸ்மஸுக்கு விதவைகளை மேடையில் ஏற்றாதீர்கள்.

ஏன் என்று கேட்பீர்கள், சொல்கிறேன். இதில் முதல் குற்றவாளி நான்தான். 2019 கிறிஸ்மஸ் மர விழா, நான் கமிட்டியில் இருந்த கடைசி வருஷம். நன்கொடை கொடுத்தவருக்குப் பக்கத்தில் நின்று சேலைப் பாக்கெட்டை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்கிற வேலை எனக்கு. பெயர் வாசிக்க வாசிக்க ஒவ்வொருவராக வந்தார்கள். பதினைந்தாவதோ பதினாறாவதோ, எனக்கு ஞாயிறு பள்ளி எடுத்த டீச்சர் வந்தார். வீட்டுக்காரர் இறந்த பிறகு அவர் நிலைமை எப்படி என்று எனக்குத் தெரியும், ஆனால் பட்டியலில் அவர் பெயர் இருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. பாக்கெட்டைக் கொடுத்தாயிற்று. போட்டோகாரர் கையைக் காட்டி, "சார் கண்ண மூடிட்டாங்க, இன்னொரு வாட்டி" என்றார். டீச்சர் சேலையைத் திருப்பிக் கொடுத்தார், மறுபடியும் வாங்கினார். அந்தத் தடவை மைக் ஸ்டாண்டு முகத்தை மறைத்துவிட்டதாம். மறுபடியும் திருப்பிக் கொடுத்தார், மறுபடியும் வாங்கினார். "டீச்சர், கொஞ்சம் இங்க பாருங்க" என்று சொன்னது போட்டோகாரர் இல்லை, நான். மூன்று தடவை வாங்கியும் அவர் வீட்டுக்குக் கொண்டுபோனது ஒரு சேலைதான்.

"நீயோ தர்மஞ்செய்யும்போது, உன் தர்மம் அந்தரங்கமாயிருப்பதற்கு, உன் வலதுகை செய்கிறதை உன் இடதுகை அறியாதிருக்கக்கடவது" என்ற வசனத்தை எனக்கு மனப்பாடம் பண்ண வைத்தவர் அவர்தான். நாலாம் வகுப்பு படிக்கும்போது. தட்டாமல் சொன்னதற்கு ஒரு பென்சில் கொடுத்தார், அதுவும் வகுப்பு முடிந்து எல்லாப் பிள்ளைகளும் வெளியே போன பிறகு. ஏன் டீச்சர் அப்போதே தரவில்லை என்று கேட்டதற்கு, மற்றதுகள் ஏங்கிப்போகும்லா என்றார்.

அடுத்த வருஷம் பட்டியல் எடுக்கப் போனவர்களிடம், எனக்கு வேண்டாம், வேற யாருக்காவது கொடுங்க என்று சொல்லியிருக்கிறார். அது கமிட்டிக்கு வந்து சேரும்போது 'அவங்களுக்கு இப்ப வசதி வந்துட்டுது போல' என்று ஆகிவிட்டது. பெயரை அடித்துவிட்டோம். நல்லது, ஒரு சேலை மிச்சம்.

ஃப்ளெக்ஸில் என்ன எழுதுகிறோம் என்று யாராவது நின்று வாசித்துப் பார்த்திருக்கிறீர்களா? 'ஏழை விதவைகளுக்கு இலவச சேலை வழங்கும் விழா.' விழாவாம். புருஷன் செத்ததையும் கையில் காசில்லாததையும் நாலடி உயரத்துக்கு எழுதி, சீரியல் செட் போட்டு, அதற்குக் கீழே அவரை நிற்கவைக்கிறோம். ஆண்டவர் காணிக்கைப் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்திருந்தபோது சீஷர்களைக் கூப்பிட்டு ஒரு விதவையைக் காட்டினாரே, அவள் அங்கே வாங்க வந்தவள் இல்லை. கொடுக்க வந்தவள். நம் சபையிலும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை கைப்பிடி அரிசி எந்த வீட்டிலிருந்து தவறாமல் வருகிறது என்று ஆலயத்தைப் பார்த்துக்கொள்கிற கோயில்பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். உலை வைக்கும்போது ஒரு பிடி எடுத்துத் தனியாகப் போட்டு, வாரக் கடைசியில் சேலை முந்தானையில் மறைத்துக் கொண்டுவந்து பெட்டியில் தட்டிவிட்டுப் போகிறவர்களில் பாதிப்பேர் இந்தப் பட்டியலில் இருக்கிறவர்கள். அதற்கு மைக்கும் கிடையாது, போட்டோவும் கிடையாது.

நமக்கு மறைவாகக் கொடுக்கத் தெரியாது என்று நான் சொல்லமாட்டேன். நன்றாகவே தெரியும். சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுகிற அசனத்தைப் பாருங்கள். யாரோ ஒருவர் ஆடு நேர்ந்துவிடுகிறார், யாரோ அரிசி மூட்டை இறக்குகிறார், எல்லாம் ஒரே அண்டாவுக்குள் போகிறது. டாக்டரும் ஆடு மேய்க்கிறவரும் ஒரே பந்தியில் உட்காருகிறார்கள், யார் கொடுத்த ஆடு யார் இலையில் விழுந்தது என்று சமையல்காரருக்கே தெரியாது. சாப்பிட்டு எழுந்தவர் யாருக்கும் நன்றி சொல்ல வேண்டியதில்லை. இதைப் பழக்கமாக வைத்திருக்கிற ஊர்க்காரர்களுக்கு டிசம்பர் வந்தால் மட்டும் என்ன ஆகிறது என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

டிசம்பரிலும் நமக்கு ஒரு நல்ல வருஷம் இருந்தது. 2023. நல்ல வருஷம் என்று சொன்னால் அடிக்க வருவீர்கள், ஆனால் யோசித்துப் பாருங்கள். டிசம்பர் 17 ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வரும்போதே மழை வெளுத்து வாங்கியது. மறுநாள் காலை வரைக்கும் ஒரே நாளில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர், கேள்விப்பட்ட ஒருவரும் முதலில் நம்பவில்லை. தாமிரபரணி எங்கே ஓடுகிறது ஊர் எங்கே இருக்கிறது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது, தண்டவாளத்துக்குக் கீழே மண்ணே இல்லை, உள்ளே சுமார் 800 பேர். பக்கத்தில் புதுக்குடி மக்கள், அவர்கள் ஊரையும் சுற்றித் தண்ணீர்தான், வீட்டில் இருந்த அரிசியையும் பருப்பையும் தூக்கிக்கொண்டு வந்து கோயிலில் வைத்துப் பொங்கி, முன்பின் தெரியாதவர்களுக்கு வேளாவேளைக்குப் போட்டார்கள். யாருடைய பட்டியலை வைத்துப் போட்டார்கள்? சபைச் சந்தா பாக்கி இருக்கிறதா என்று கேட்டார்களா?

நம் ஊரிலும் அந்த வாரம் ஆலயத்துக் கதவு இரவும் பகலும் திறந்தே கிடந்தது. பெஞ்சுகளை இரண்டிரண்டாகச் சேர்த்துப் போட்டுக் குழந்தைகளைப் படுக்கவைத்தோம். நம் சபை, அந்தச் சபை, கோயிலுக்குப் போகிறவர்கள், பள்ளிவாசலுக்குப் போகிறவர்கள், செங்கல் சூளையில் வேலை செய்கிற வடமாநிலப் பையன்கள், எல்லாரும் ஒன்றாகக் கிடந்தார்கள். பீடத்துத் திரையைக்கூடக் கழற்றிக் குளிரில் நடுங்கிய ஒரு பெரியவருக்குப் போர்த்திவிட்டார்கள், யார் கழற்றியது என்று இன்றுவரை தெரியாது. ஐயர் கைலியோடு கழிப்பறை கழுவிக்கொண்டிருந்தார். அந்தக் கிறிஸ்மஸுக்கு ஸ்டார் இல்லை, குடில் இல்லை, சில வீடுகளில் முந்திரிக்கொத்துக்கு அரைத்து வைத்த மாவெல்லாம் தண்ணீரோடு போய்விட்டது. காலை ஆராதனையில் பாதிப்பேர் கடன் வாங்கின சட்டையில் இருந்தார்கள். பிரசங்கம் பத்து நிமிஷம்கூட இல்லை. இயேசு பிறந்து கிடந்த முன்னணையைப் பற்றி அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன், சத்திரத்தில் இடமில்லை என்பது என்னவென்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அன்றைக்கு யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று ஒரு போர்டு நம்மிடம் இருக்கிறதா? இல்லை. கொடுத்தவர்கள் குறைந்து போனார்களா? அதுவும் இல்லை, அரிசி மிச்சப்பட்டுப் பக்கத்து ஊருக்கு அனுப்பினோம்.

அடுத்த வருஷம் மறுபடியும் மேடை, மறுபடியும் ஃப்ளெக்ஸ்.

நம் பக்கத்துச் சபைகளின் கதையே அடைக்கலத்தில்தானே தொடங்குகிறது. முதலூர் எப்படி வந்தது? விசுவாசத்துக்காக அடிபட்டு, இருந்த இடத்தில் இருக்க முடியாமல் வந்தவர்கள் ஒதுங்குவதற்காக 1799-ல் நிலம் வாங்கி உண்டாக்கின ஊர். அப்படி ஒதுங்க வந்தவர்களின் பேரன் பேத்திகள்தான் இப்போது உறுப்பினர் அட்டை பார்த்துச் சேலை கொடுக்கிறோம்.

சரி, மேடை வேண்டாம், வேறென்ன செய்ய என்று கேட்பீர்கள். நான் பெரிய திட்டம் ஒன்றும் வைத்திருக்கவில்லை, கண்ணில் பட்டதைச் சொல்கிறேன்.

முதலில் காலத்தைப் பாருங்கள். நம் சபையில் உப்பளத்துக்குப் போகிற குடும்பங்கள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். ஐப்பசி மழை விழுந்ததும் பாத்தி முங்கிவிடும், அப்புறம் தை மாசம் வரைக்கும் வேலை கிடையாது. அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூன்று மாசத்தையும் நினைத்துத்தான் அரசாங்கமே உப்பளத் தொழிலாளர்களுக்கு 5,000 ரூபாய் மழைக்கால நிவாரணம் கொடுக்கிறது. பனை ஏறுகிறவர்களுக்கும் இது காலமில்லை. ஆக, வருஷத்திலேயே கை வறண்டு கிடக்கிற மாசத்தில் வந்து நிற்கிறது பண்டிகை. பிள்ளைகளுக்குத் துணி, வீட்டுக்கு வெள்ளை, பலகாரத்துக்கு எண்ணெய், ஞாயிறு பள்ளி விழாவுக்குக் காசு. கம்மல் அடகுக்குப் போகும், குழு லோன் தவணை நிற்கும், வாரவட்டிக்காரன் வாசலில் பைக்கை நிறுத்துவான். டிசம்பர் 23-ம் தேதி ஒரு சேலை வந்து அதில் எதைச் சரிசெய்யும்? நவம்பர் கடைசியில் சத்தமில்லாமல் ஒரு வீட்டுக்கு இரண்டாயிரமோ மூவாயிரமோ போனால் அந்தக் கம்மல் காதிலேயே இருக்கும். காசாகக் கொடுத்தால் வீணாக்கிவிடுவார்கள் என்று சொல்கிற அண்ணன் ஒருவர் கமிட்டியில் எப்போதும் இருப்பார் (பெயர் சொல்லவில்லை, அவருக்கே தெரியும்). அண்ணே, மாசம் நாலாயிரத்தில் மூன்று பிள்ளைகளை வளர்த்த பொம்பளைக்கு நாம் சிக்கனம் சொல்லிக்கொடுக்க வேண்டாம்.

ராத்திரி எட்டு மணிக்கு மேல் இரண்டு பேராகப் போங்கள். ஐக்கிய சங்கத்து அக்காமாரே போகலாம், அவர்களுக்குத்தான் எந்த வீட்டில் என்ன என்று தெரியும். கவரைக் கொடுத்துவிட்டு ஒரு வாய் காப்பி குடித்துவிட்டு வாருங்கள். காப்பியை வேண்டாம் என்று சொல்லாதீர்கள், அது முக்கியம். அவர்களும் ஒன்று கொடுத்ததாக இருக்கட்டும்.

ஞாயிறு பள்ளி நாடகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தேவதூதன் வேஷம் யாருக்குப் போகிறது? வெள்ளை கவுனும் ஜிகினா இறக்கையும் வாங்க முடிந்த பிள்ளைக்கு. மேய்ப்பன் வேஷத்துக்கு வீட்டில் கிடக்கிற துண்டைத் தலையில் கட்டினால் போதும், ஆகவே உப்பளத்துப் பிள்ளைகள் வருஷா வருஷம் மேய்ப்பர்கள். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை, தானாக அப்படி விழுந்துவிடுகிறது. போன வருஷம் ஒரு சின்னப் பெண், மேய்ப்பன் துண்டோடு திரைக்குப் பின்னால் நின்றுகொண்டு, தூதன் பேச வேண்டிய வசனம் முழுவதையும் வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தாள். மேடையில் இருந்த தூதன் இரண்டாவது வரியில் மறந்துவிட்டான். நற்செய்தி முதலில் போனதே மேய்ப்பர்களிடம்தான் என்று ஐயர் பிரசங்கத்தில் சொன்னார், சரிதான். அந்தப் பிள்ளைக்கு அது ஆறுதலாக இருந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம். பத்து வெள்ளை கவுன் தைத்துச் சபையிலேயே வைத்துக்கொண்டால் என்ன? டெய்லர் நம் சபைக்காரர்தான், தேய்த்து மடித்துப் பீரோவில் வைத்தால் பத்து வருஷம் ஓடும்.

அப்புறம் கேரல் ரவுண்ட்ஸ். குட்டியானை வண்டியில் ஜெனரேட்டர், ஸ்பீக்கர், கிறிஸ்மஸ் தாத்தா, மிட்டாய் டப்பா. பணம் கொடுக்கிற வீட்டில் மூன்று பாட்டு, மற்ற வீட்டில் ஒரு சரணம், கடைசியில் பரோட்டா போடுகிற வீடு. வாலிபப் பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை, நானும் அந்தப் பரோட்டாவைச் சாப்பிட்டவன்தான். ஆனால் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற தெருவுக்கு வண்டி ஏன் போவதில்லை? வண்டி திரும்ப இடமில்லை என்று இருபது வருஷமாகச் சொல்கிறோம். கேஸ் சிலிண்டர் லாரி போய்த் திரும்புகிற இடத்தில் குட்டியானை திரும்பாதா? ரோட்டில் ஒன்றும் இல்லை, காரணம் எங்கே இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அந்தத் தெருக்காரர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். அவர்களும் இதே சபைதான், இதே பந்தியில் அப்பமும் இரசமும் எடுக்கிறவர்கள்தான். இந்த வருஷம் முதல் பாட்டு அந்தத் தெருவில் பாடட்டும். பரோட்டா வேண்டுமானால் அங்கேயும் போடுவார்கள், கேட்டுப் பாருங்கள். செங்கல் சூளை ஷெட்டுக்கும் போகலாம், ஜார்க்கண்ட், ஒடிசாவிலிருந்து வந்திருக்கிற அந்தப் பையன்களில் சிலர் கழுத்தில் சிலுவை கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன். பண்டிகைக்கு ஊருக்குப் போக லீவு கிடைக்காமல் ஷெட்டில் மொபைலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒருவரைக்கூட நாம் இன்னும் அசனத்துக்குக் கூப்பிட்டதில்லை. விருந்து பண்ணினால் திருப்பிக் கூப்பிட முடியாதவர்களைக் கூப்பிடு என்று லூக்கா பதினாலில் இருப்பதை நாம் வாசிக்காமல் இல்லை.

இனி நன்கொடையாளர் விஷயம். பெயர் போடாவிட்டால் யாரும் கொடுக்க மாட்டார்கள் என்பதுதான் உங்கள் பெரிய பயம். நியாயமான பயம்தான், நானும் பயந்திருக்கிறேன். நம் ஆலயத்து ஃபேன் ஒவ்வொன்றின் இறக்கையிலும் உபயம் இன்னார் என்று சிவப்புப் பெயிண்டில் எழுதியிருக்கிறோம். ஃபேன் ஓடும்போது அது தெரியாது, கரண்டு போனால்தான் பெயர் தெரியும், அப்போது காற்று வராது. மிஷனரியாக வந்த எமி கார்மைக்கேல் அம்மையாரின் டோனாவூர் நமக்கு ரொம்பத் தூரமில்லை. 1901-லிருந்து அங்கே எத்தனை பிள்ளைகளை எடுத்து வளர்த்தார்கள், 1951-ல் இறப்பதற்கு முன்பே தன் கல்லறைக்கு மேலே கல் வைக்க வேண்டாம் என்று அம்மையார் சொல்லிவிட்டார்கள். பறவைகள் குளிக்கிற ஒரு தண்ணீர்த் தொட்டியைத்தான் அங்கே வைத்தார்கள். நம்மால் அந்த அளவுக்குப் போக முடியாது, ஒத்துக்கொள்கிறேன். கொடுக்கிறவர் பெயரைப் போட்டே ஆக வேண்டும் என்றால் போடுங்கள், கணக்குப் புத்தகத்தில் போடுங்கள், சபைக் கூட்டத்தில் மொத்தம் இவ்வளவு வந்தது இவ்வளவு போனது என்று வாசியுங்கள், ஆடிட்டர் பார்க்கட்டும். வாங்குகிறவர் முகம் மட்டும் எங்கேயும் வேண்டாம். போட்டோ இல்லாமல் தரமாட்டேன் என்று ஒருவர் சொன்னால், அந்தக் காசில் ஒரு ஃபேன் வாங்கிக்கொள்ளுங்கள்.

சென்னையிலும் வளைகுடாவிலும் இருக்கிற நம் ஊர்ப் பிள்ளைகளிடம் நான் பேசுகிறேன். இரண்டு பேர் ஏற்கெனவே சரி என்று சொல்லிவிட்டார்கள், அதில் ஒருவன் சொன்னது: "அண்ணே, ஃப்ளெக்ஸ்ல என் போட்டோ போட்டதே எனக்குத் தெரியாது, வாட்ஸ்அப்ல பார்த்துட்டு என் மாமியார் சிரிக்கிறாங்க." ஆக, பாதிப்பேர் கேட்காமலே நாம்தான் போடுகிறோம்.

இரண்டாம் ஞாயிறு கமிட்டிக்கு என்னையும் கூப்பிடுங்கள், வந்து திட்டு வாங்கிக்கொள்கிறேன். கவர் கொண்டுபோக இரண்டு பேர் குறைந்தால் என் பெயரையும் என் வீட்டுக்காரி பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள். இன்னொன்று, சபை ஆபீஸ் போர்டில் 2019 விழா போட்டோக்கள் இன்னும் குத்தியிருக்கின்றன. மேல் வரிசையில் இடமிருந்து மூன்றாவது. நன்கொடையாளர் கண் திறந்திருக்கிறார், மைக் ஸ்டாண்டு மறைக்கவில்லை, நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன், டீச்சர் மட்டும் வேறெங்கோ பார்க்கிறார். அதைக் கழற்றிவிடுங்கள். நானே கழற்றலாம் என்று போன வாரம் போனேன், சாவி கோயில்பிள்ளையிடம் இருந்தது, உங்களைக் கேட்காமல் திறக்க மாட்டேன் என்றுவிட்டார்.